கடைசி இடத்திலிருந்து 95 புள்ளிகள் வரை

ஒவ்வோர் ஏப்ரலிலும் வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கில் 82 ஆட்டங்கள் கொண்ட சீசன் முடிகிறது. 32 அணிகளில் 16 அணிகள் பிளே ஆஃப் சுற்றுக்குப் போகின்றன. மீதி 16 நகரங்களில் ஒரே பேச்சுதான்: அடுத்த ஆண்டாவது உள்ளே போவோமா? பாதிப் பேருக்கு இடம் உண்டு என்பதால் இது பெரிய ஆசையாகத் தோன்றாது. ஆனால் பட்டியலின் அடியில் கிடக்கும் அணிக்கு அந்தப் பாதி எட்டாத தூரம். பஃபலோ சேபர்ஸ் அணி 2011-இல் பிளே ஆஃப் ஆடியது. அதன்பின் 2025 வரை 14 சீசன்கள் தொடர்ந்து வெளியே நின்றது. லீக்கின் வரலாற்றில் அதற்குமுன் எந்த அணியும் இத்தனை ஆண்டுகள் வெளியே இருந்ததில்லை.

தடுமாறும் அணியின் அடுத்த ஆண்டு வாய்ப்பை எப்படிக் கணிப்பது? ரசிகர்கள் பொதுவாக இரண்டு விடைகளைப் பிடித்துக்கொள்கிறார்கள். இளம் வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதலிடம் கிடைத்தால் போதும் என்பது ஒன்று. எல்லோரையும் மாற்றிவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும் என்பது மற்றொன்று. கடந்த இருபது ஆண்டுகளின் முடிவுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் போதிய சான்று இல்லை.

வரம்பு எங்கே இருக்கிறது

முதலில் கணக்கு. இந்த ஐஸ் ஹாக்கி லீக்கில் வெற்றிக்கு இரண்டு புள்ளிகள். அறுபது நிமிடத்துக்குள் தோற்றால் எதுவும் இல்லை. ஆட்டம் சமநிலையில் முடிந்து கூடுதல் நேரத்திலோ ஷூட் அவுட்டிலோ தோற்றால் ஒரு புள்ளி. இந்த ஒற்றைப் புள்ளி பட்டியலையே நெருக்கிவிடுகிறது. நடுவில் இருக்கும் அணிகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டே சீசன் முழுவதும் நகர்கின்றன. பின்னால் இருப்பவர் வென்றாலும், முன்னால் இருப்பவர் தோற்றுக்கொண்டே ஒரு புள்ளி எடுத்துவிடுகிறார்.

பிளே ஆஃபின் கடைசி இடத்துக்கு எவ்வளவு தேவை என்பது ஆண்டுக்கு ஆண்டு, பிரிவுக்குப் பிரிவு மாறும். 2022-23-இல் கிழக்கில் ஃபுளோரிடா 92 புள்ளிகளுடன் நுழைந்தது. 2023-24-இல் அதே கிழக்கில் வாஷிங்டன் 91 புள்ளிகளுடன் நுழைந்தது. டெட்ராய்ட்டும் 91 எடுத்திருந்தது, சமநிலை விதியால் வெளியே போனது. 2024-25-இல் மேற்கில் செயின்ட் லூயிஸ், கால்கரி இரண்டும் 96 புள்ளிகள் எடுத்தன. செயின்ட் லூயிஸ் உள்ளே போக, கால்கரி வெளியே நின்றது. ஆகவே ஓர் அணி 95 புள்ளிகளைக் குறிவைக்க வேண்டும். அதற்கு 82 ஆட்டங்களில் ஏறத்தாழ 43 வெற்றிகள் வேண்டும். கடைசி இடத்தில் முடிக்கும் அணிகள் பெரும்பாலும் 20 முதல் 30 வெற்றிகள்தான் எடுக்கின்றன. ஒரே கோடையில் பதினைந்து இருபது வெற்றிகளைக் கூட்டுவது எப்படி என்பதே கேள்வி.

பத்தொன்பதில் மூன்று

லீக்கில் சம்பள உச்சவரம்பு 2005-06-இல் வந்தது. பணக்கார அணியால் நினைத்த வீரரையெல்லாம் வாங்கிக் குவிக்க முடியாமல் போனது அன்றிலிருந்துதான். எனவே அந்த ஆண்டிலிருந்து 2023-24 வரை, ஒவ்வொரு சீசனிலும் ஒட்டுமொத்தப் பட்டியலில் கடைசியில் முடித்த அணியை எடுத்துக்கொள்ளலாம். மொத்தம் 19 சீசன்கள், 19 கடைசி இடங்கள். அதில் பஃபலோ மட்டும் நான்கு முறை. எட்மன்டன் இரண்டு முறை. செயின்ட் லூயிஸ், டாம்பா பே, நியூயார்க் ஐலண்டர்ஸ், கொலம்பஸ், ஃபுளோரிடா, ஒட்டாவா, டெட்ராய்ட், மான்ட்ரியல், அனஹைம், சான் ஹோசே என்று மற்றவை.

இந்தப் பத்தொன்பதில் அடுத்த சீசனே பிளே ஆஃபுக்குப் போனவை மூன்றுதான். 2006-07-இல் 56 புள்ளிகளுடன் கடைசியில் முடித்த பிலடெல்பியா, 2015-16-இல் 69 எடுத்த டொரன்டோ, 2016-17-இல் 48 எடுத்த கொலராடோ. மூன்றுமே அடுத்த ஆண்டு சரியாக 95 புள்ளிகள் எடுத்தன. கொலம்பஸ் ஒருமுறை மயிரிழையில் தவறியது. 2013-இல் சுருக்கப்பட்ட சீசனில் மினசோட்டாவும் கொலம்பஸும் தலா 55 புள்ளிகள் எடுக்க, சமநிலை விதி கொலம்பஸை வெளியே நிறுத்தியது.

ஆறில் ஒன்றுக்கும் சற்றுக் குறைவு. கடைசியில் முடித்த அணியின் ரசிகர் நம்பிக்கை வைக்கும் முன் மனத்தில் கொள்ள வேண்டிய எண் இது. இந்த மூன்றை மற்றப் பதினாறிலிருந்து பிரித்துக் காட்டுவது எது?

டிராஃப்ட் முதலிடம் அல்ல. டொரன்டோவுக்கு மட்டும்தான் அது கிடைத்தது. 2016-இல் தேர்ந்தெடுத்த ஆஸ்டன் மாத்யூஸ் முதல் ஆட்டத்திலேயே நான்கு கோல் அடித்து, முதல் சீசனில் 40 கோல்கள் எடுத்தார். டிராஃப்ட் வரிசையைத் தீர்மானிக்கும் குலுக்கலில் பிலடெல்பியா இரண்டாம் இடத்துக்கு இறங்கியது. கொலராடோ நான்காம் இடத்துக்கே போனது. மறுபக்கம், கடைசியில் முடித்து முதலிடத்தையும் பெற்ற எட்மன்டன் 2010-இல் டெய்லர் ஹாலையும் 2011-இல் ரயன் நியூஜென்ட் ஹாப்கின்ஸையும் எடுத்தது. பஃபலோ 2018-இல் ராஸ்மஸ் டாலினையும் 2021-இல் ஓவன் பவரையும் எடுத்தது. நால்வரும் நல்ல வீரர்கள். நால்வரில் ஒவ்வொருவரையும் எடுத்த அடுத்த சீசனிலும் அணி வெளியேதான் இருந்தது. பதினெட்டு வயதுப் பையன் பெரியவர்களோடு ஆடப் பழகச் சில ஆண்டுகள் ஆகும். பின்களக்காரருக்கு இன்னும் கூடுதலாக ஆகும்.

மூன்று அணிகளுக்கும் பொதுவாக இருந்தவை வேறு. மூன்றிலும் தோல்வி ஆண்டில் இருந்த பயிற்சியாளரே அடுத்த ஆண்டும் இருந்தார்: பிலடெல்பியாவில் ஜான் ஸ்டீவன்ஸ், டொரன்டோவில் மைக் பாப்காக், கொலராடோவில் ஜாரெட் பெட்னர். மூன்றிலும் கோல் வலையின் முன் நிலைமை மாறியது. பிலடெல்பியா மார்ட்டின் பிரோனைக் கொண்டுவந்தது. டொரன்டோ அனஹைமிலிருந்து ஃபிரெடெரிக் ஆண்டர்சனை வாங்கியது. கொலராடோவில் காயம்பட்ட கோல்கீப்பர் குணமாகித் திரும்பினார். மூன்று உதாரணங்களைக் கொண்டு விதி எழுத முடியாது. ஆனால் கொலராடோவின் கணக்கைப் பிரித்துப் பார்த்தால் இவை ஏன் முக்கியம் என்பது விளங்கும்.

கொலராடோவின் 132 கோல்கள்

2016 ஆகஸ்ட்டில், சீசன் தொடங்கச் சில வாரங்களே இருந்தபோது, கொலராடோ அவலாஞ்ச் அணியின் பயிற்சியாளர் பாட்ரிக் ருவா பதவி விலகினார். அவசரமாகப் பெட்னர் வந்தார். அந்தச் சீசனில் அணி 22 வெற்றி, 56 தோல்வி, கூடுதல் நேரத் தோல்வி 4 என்று முடித்தது. 48 புள்ளிகள். அதற்கு மேலே இருந்த வான்கூவருக்கே 69. சம்பள உச்சவரம்பு வந்தபின் முழுச் சீசனில் அதுவரை எந்த அணியும் இவ்வளவு குறைவாக எடுத்ததில்லை. அடித்த கோல் 166, வாங்கிய கோல் 278.

அடுத்த ஆண்டு அடித்தது 257, வாங்கியது 237. அடித்ததில் 91 கூடியது, வாங்கியதில் 41 குறைந்தது. ஆக 132 கோல் வித்தியாசம். ஹாக்கிப் புள்ளிவிவர ஆய்வாளர்கள் நெடுங்காலமாகக் கையாளும் தோராயம் ஒன்று உண்டு: ஆறு கோல் வித்தியாசம் ஒரு வெற்றிக்குச் சமம். 132-ஐ ஆறால் வகுத்தால் 22. உண்மையில் கூடிய வெற்றிகள் 21. வெற்றி எண்ணிக்கை 22-இலிருந்து 43 ஆனது.

இந்த 132 கோல்களும் வெளியிலிருந்து வாங்கிய நட்சத்திரங்களால் வரவில்லை. மைதானத்தில் ஏற்கெனவே இருந்த மூன்று பேரின் தனிப் புள்ளிகளைப் பார்க்கலாம் (அடித்த கோலுக்கும் கோலுக்கு உதவியதற்கும் வீரருக்குத் தலா ஒரு புள்ளி). நேதன் மெக்கினன் 2016-17-இல் 53 புள்ளிகள், 2017-18-இல் 97. மிக்கோ ரான்டனன் 38-இலிருந்து 84. கேப்டன் கேப்ரியல் லாண்டஸ்கோக் 33-இலிருந்து 62. மூவர் சேர்ந்து 124 எடுத்த இடத்தில் 243 எடுத்தார்கள். 2017 அக்டோபர் தொடக்கத்தில் அவர்களுடைய வயது முறையே 22, 20, 24. ஹாக்கி முன்கள வீரர்கள் வேகமாக வளரும் வயது அது. மெக்கினனோ 2016 கோடையிலேயே ஆண்டுக்கு 63 லட்சம் டாலர் வீதம் ஏழு ஆண்டு ஒப்பந்தத்தில் இருந்தார். அவர் ஆட்டம் உச்சத்துக்கு ஏறியபோதும் சம்பளம் ஏறவில்லை. அந்த மிச்சத்தில் அணியால் மற்ற இடங்களை நிரப்ப முடிந்தது.

மெக்கினனின் எண்களை இன்னும் நெருங்கிப் பார்க்க வேண்டும். தோல்வி ஆண்டில் அவர் கோலை நோக்கி 251 ஷாட் அடித்தார், 16 உள்ளே போயின. நூற்றுக்கு ஆறு பங்குக்குச் சற்று அதிகம். அடுத்த ஆண்டு 284 ஷாட், 39 கோல். நூற்றுக்குப் பதினான்கை ஒட்டியது. ஷாட்டுகள் 33 மட்டுமே கூடின, கோல்களோ இரண்டு மடங்கைத் தாண்டின. அவர் திறமை கூடியது உண்மை. ஆனால் முந்தைய ஆண்டின் எண்ணில் கெட்ட காலமும் கலந்திருந்தது. பக் (ஆட்ட வட்டு) கம்பத்தில் பட்டுத் திரும்புவதும் எதிரணி கோல்கீப்பரின் கால்காப்பில் தற்செயலாகப் படுவதும் ஓராண்டு முழுவதும் தொடரலாம். இரண்டாம் ஆண்டும் அதே அளவில் தொடர்வது அரிது. தோற்ற அணியை எடைபோடும்போது முதலில் கேட்க வேண்டியது இதுதான்: இந்தத் தோல்வியில் எவ்வளவு ஆட்டக் குறை, எவ்வளவு திரும்ப வராத துரதிர்ஷ்டம்?

வலைக்கு முன் நிற்பவர்

கோல் வாங்கிய பக்கம் வருவோம். 2016-17-இல் கொலராடோவின் முதன்மைக் கோல்கீப்பர் செமியோன் வர்லாமோவ் இடுப்புக் காயத்தால் 24 ஆட்டங்களுக்குப் பின் அறுவைச் சிகிச்சைக்குப் போனார். அதுவரை வந்த ஷாட்டுகளில் 89.8 விழுக்காட்டைத் தடுத்திருந்தார். அவருக்குப் பதிலாக நின்ற கால்வின் பிக்கர்ட் தடுத்தது 90.4 விழுக்காடு. அடுத்த ஆண்டு குணமாகித் திரும்பிய வர்லாமோவ் தடுத்தது 92 விழுக்காடு. அவருக்குத் துணையாக ஓராண்டு ஒப்பந்தத்தில் 27.5 லட்சம் டாலருக்கு வந்த ஜோனதன் பெர்னியே 91.3 விழுக்காடு.

இரண்டு விழுக்காடு என்பது காதில் சிறிதாக விழும். ஓர் அணி ஓர் ஆட்டத்தில் சுமார் 30 ஷாட்டுகளை எதிர்கொள்கிறது என்று கொண்டால் சீசனுக்கு 2,460. தொண்ணூறு விழுக்காடு தடுத்தால் 246 கோல் உள்ளே போகும். தொண்ணூற்றிரண்டு தடுத்தால் 197. நாற்பத்தொன்பது கோல்கள். ஆறுக்கு ஒரு வெற்றி என்றால் எட்டு வெற்றிகள், பதினாறு புள்ளிகள். வேறெந்த ஒற்றை மாற்றமும் ஒரே ஆண்டில் இவ்வளவு தராது.

நியூ ஜெர்சி டெவில்ஸ் இதை இரு முனைகளிலும் காட்டியது. 2021-22-இல் காயங்களால் அந்த அணி ஏழு கோல்கீப்பர்களை ஆடவிட வேண்டி வந்தது. 63 புள்ளிகள். 2022 கோடையில் வாஷிங்டனிலிருந்து விடெக் வானெசெக் வந்தார். 21 வயது ஜாக் ஹியூஸ் 99 புள்ளிகள் எடுத்தார். அணி 112 புள்ளிகளுக்கு ஏறியது. பயிற்சியாளர் லிண்டி ரஃப் அந்தச் சீசனின் தொடக்கத்தில் இரண்டு ஆட்டம் தோற்றதும் அவரை நீக்கச் சொல்லிச் சொந்த ரசிகர்களே அரங்கில் கோஷமிட்டார்கள். நிர்வாகம் அசையவில்லை. அணி தொடர்ந்து 13 ஆட்டங்கள் வென்றது. அதே ரசிகர்கள் அதே அரங்கில் அவர் பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேட்டு முழங்கினார்கள். ஆனால் 2023-24-இல் கோல்கீப்பிங் மறுபடி சரிந்தது. அணி 81 புள்ளிகளுக்கு இறங்கியது, ரஃப் பதவி இழந்தார். 2024 கோடையில் யாகோப் மார்க்ஸ்ட்ரோமை வாங்கியதும் அணி மீண்டும் பிளே ஆஃபுக்குத் திரும்பியது.

சீசன் நடுவில்கூட ஒரு கோல்கீப்பரால் இத்தகைய திருப்பம் நிகழ்ந்திருக்கிறது. 2019 ஜனவரி 3 காலையில் செயின்ட் லூயிஸ் லீக்கின் கடைசி இடத்தில் இருந்தது. நான்கு நாள் கழித்து ஜோர்டன் பின்னிங்டன் முதல் முறையாகத் தொடக்கத்திலிருந்து வலைக்கு முன் நின்றார், ஒரு கோலும் விடவில்லை. அந்தச் சீசனில் அவர் 24 வெற்றிகள் பெற்றார். அணி 99 புள்ளிகளுடன் முடித்து, ஜூனில் லீக்கின் சாம்பியனுக்குரிய ஸ்டான்லி கோப்பையையே வென்றது.

காத்திருந்தவரும் அவசரப்பட்டவரும்

கொலராடோவில் நடந்த மற்றொன்றைப் புள்ளிவிவரம் காட்டாது. 48 புள்ளி ஆண்டின் முடிவில் பொது மேலாளர் ஜோ சாகிக் மீது எல்லாப் பக்கமிருந்தும் நெருக்கடி இருந்தது. முன்னணி வீரர் மாட் டுஷேன் வேறு அணிக்குப் போக விரும்பினார். கோடை முழுவதும் வந்த பேரங்களைச் சாகிக் ஏற்கவில்லை. தான் கேட்ட விலை கிடைக்கும்வரை காத்திருந்தார். 2017 நவம்பர் 5 அன்று புரூக்ளினில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோதே டுஷேன் களத்திலிருந்து அழைக்கப்பட்டார். ஒட்டாவா, நாஷ்வில், கொலராடோ மூன்றுக்கும் இடையே ஒப்பந்தம் முடிந்திருந்தது. ஒரு வீரருக்குப் பதிலாகக் கொலராடோவுக்கு வீரர்களும் டிராஃப்ட் உரிமைகளுமாக ஏழு கிடைத்தன. அதில் வந்த சாமுவேல் ஜிரார்ட் உடனே பின்களத்தில் ஆடினார். ஒட்டாவாவின் முதல் சுற்று உரிமை 2019-இல் நான்காம் இடமாக மாறி போவன் பைரமைக் கொண்டுவந்தது. ஒப்பந்தத்தில் ஓரமாக வந்த கோல்கீப்பர் ஆண்ட்ரூ ஹாம்மண்ட், மற்ற இருவரும் காயம்பட்டிருந்த 2018 பிளே ஆஃபில் நாஷ்வில் மண்ணில் 44 ஷாட்டுகளைத் தடுத்து ஓர் ஆட்டத்தை வென்று கொடுத்தார்.

டுஷேனை வாங்கிய ஒட்டாவா அதற்குச் சில மாதங்கள் முன்புதான் கிழக்குப் பிரிவின் இறுதி வரை போயிருந்தது. ஒரே வீரரால் கோப்பையை எட்டிவிடலாம் என்று நினைத்தது. அந்தச் சீசனை 67 புள்ளிகளில் முடித்தது, அடுத்ததில் 64 புள்ளிகளுடன் கடைசிக்கே போனது. மறுபடி பிளே ஆஃப் பார்க்க 2025 வரை ஆனது.

கொலராடோ 2018 ஏப்ரல் 7 அன்று தன் கடைசி ஆட்டத்தில் செயின்ட் லூயிஸை 5-2 என்று வென்று உள்ளே போனது. அன்று தோற்ற செயின்ட் லூயிஸ் 94 புள்ளிகளில் நின்றது. குலுக்கலில் நான்காம் இடத்துக்குத் தள்ளப்பட்டபோது எடுத்த கேல் மகார், கல்லூரியில் இரண்டு ஆண்டு ஆடிவிட்டு 2019-இல் அணியில் சேர்ந்தார். 2022-இல் கொலராடோ கோப்பை வென்றபோது பிளே ஆஃபின் சிறந்த வீரர் விருது அவருக்கே. அந்தக் கோப்பையைத் தூக்கியபோதும் பயிற்சியாளர் பெட்னர்தான்.

பஃபலோ இழந்தவர்கள்

பஃபலோவின் வரலாறு இதற்கு நேர் எதிர். 2013-14-இல் 52 புள்ளி, 2014-15-இல் 54. இரண்டு முறையும் கடைசி. சாம் ரெய்ன்ஹார்ட், ஜாக் ஐக்கல் என்று இரண்டு டிராஃப்ட்களிலும் இரண்டாம் இடம். கொலராடோவிலிருந்து ரயன் ஓ'ரைலியையும் வாங்கியது. 2015-16-இல் 81 புள்ளிகளுக்கு ஏறியது. அந்த மூவரையும் வைத்துக்கொண்டு பொறுமையாகக் கட்டியிருக்கலாம். ஆனால் 2018-இல் ஓ'ரைலி செயின்ட் லூயிஸுக்குப் போனார், 2019-இல் கோப்பையும் பிளே ஆஃபின் சிறந்த வீரர் விருதும் பெற்றார். 2021-இல் ரெய்ன்ஹார்ட் ஃபுளோரிடாவுக்குப் போனார், 2024 இறுதியின் ஏழாம் ஆட்டத்தில் கோப்பையை உறுதிசெய்த கோல் அவருடையது. கழுத்து அறுவைச் சிகிச்சை குறித்த சச்சரவுக்குப் பின் ஐக்கல் 2021-இல் வேகஸுக்குப் போனார், 2023-இல் கோப்பை வென்ற அணியில் பிளே ஆஃபின் அதிகப் புள்ளிகளை எடுத்தார். பஃபலோ தேடிக்கொண்டிருந்த வீரர்கள் பஃபலோவிலேயே இருந்தார்கள். 2013-க்கும் 2024-க்கும் இடையே பயிற்சியாளர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொருவரும் புதிய ஆட்டமுறையோடு வந்து, அது வீரர்களின் கால்களில் பதியும் முன் போனார்கள்.

2018 நவம்பரில் அந்த அணி தொடர்ந்து பத்து ஆட்டங்கள் வென்று லீக்கின் உச்சியில் இருந்தது. சீசன் முடிவில் 76 புள்ளிகள். 2022-23-இல் டேஜ் தாம்சன் 47 கோல் அடித்து, அணி லீக்கின் அதிக கோல் அடித்தவற்றுள் ஒன்றாக இருந்தது. ஆனால் வாங்கிய கோல்களும் அதே அளவு. 91 புள்ளிகள், ஒரே ஒரு புள்ளியில் வாய்ப்புப் போனது. அந்த ஒரு புள்ளியால் உள்ளே போன ஃபுளோரிடா இறுதிப் போட்டி வரை சென்றது. அந்த ஆண்டு பஃபலோவுக்குச் சராசரியைவிடச் சற்று நல்ல கோல்கீப்பிங் கிடைத்திருந்தாலே பல ஆண்டு ஏக்கம் தீர்ந்திருக்கும்.

எப்படிக் கணிப்பது

அடியில் முடித்த அணியின் அடுத்த ஆண்டை எடைபோட விரும்புகிறவர் நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும். அணி அடித்த ஷாட்டுகளுக்கும் உள்ளே போன கோல்களுக்கும் இடையே வழக்கத்துக்கு மாறான இடைவெளி இருந்ததா? இருந்தால் அதில் ஒரு பகுதி தானாகவே திரும்பும். முதன்மைக் கோல்கீப்பர் காயத்திலிருந்து திரும்புகிறாரா, அல்லது நம்பகமான ஒருவர் வருகிறாரா? இல்லையென்றால் மற்ற முன்னேற்றமெல்லாம் வலைக்குள் கரைந்துவிடும். அணியின் சிறந்த மூவர் இருபதுகளின் தொடக்கத்தில், நீண்ட ஒப்பந்தத்தில் இருக்கிறார்களா? நிர்வாகம் பயிற்சியாளரையும் அந்த மூவரையும் இன்னோராண்டு காத்து நிற்குமா?

நான்குக்கும் ஆம் என்றால் வாய்ப்பு ஆறில் ஒன்றைவிட நிச்சயம் மேல். இரண்டுக்கு மட்டும் ஆம் என்றால் மான்ட்ரியல் சென்ற வழியை எதிர்பார்ப்பதே நியாயம். 2021-22-இல் 55 புள்ளிகளுடன் கடைசியில் முடித்த அந்த அணி, மார்ட்டின் செயின்ட் லூயியையே பயிற்சியாளராக வைத்துக்கொண்டு 68, 76 என்று ஏறி, 2024-25-இல் 91 புள்ளிகளுடன் பிளே ஆஃபுக்குப் போனது. ஒன்றுக்கும் ஆம் இல்லையென்றால் குலுக்கலில் முதலிடமே வந்தாலும் அடுத்த ஏப்ரல் இந்த ஏப்ரலைப் போலத்தான் இருக்கும்.

தோற்ற அணியின் ரசிகர்களுக்குக் கோபப்பட முழு உரிமை உண்டு. ஆண்டுக்கு 41 இரவுகள் அரங்கை நிரப்பி, குளிரில் வீடு திரும்புகிறவர்கள் அவர்கள். அந்தக் கோபத்துக்கு அஞ்சி இருபத்திரண்டு வயது வீரனை விற்றுவிடும் நிர்வாகம்தான் ஒரு மோசமான ஆண்டைப் பத்து மோசமான ஆண்டுகளாக ஆக்குகிறது. எனவே அடுத்த சீசன் பற்றி அணியிடம் ரசிகர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, யாரை வாங்கப் போகிறீர்கள் என்பதன்று, யாரை விற்காமல் இருக்கப் போகிறீர்கள் என்பதுதான்.